மங்குக்குப் பூசிய களிம்பை நிறுத்தினால் முகம் எரிகிறது

கேள்வி – திருநகர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 37. மதுரை திருநகரில் குடியிருக்கிறேன், சிம்மக்கல் அருகே ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். காலையும் மாலையும் பழங்காநத்தம், பெரியார் நிலையம் வழியாக ஸ்கூட்டரில்தான் போய்வருகிறேன். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது இரு கன்னங்களிலும் மேலுதட்டுக்கு மேலும் மங்கு என்னும் கருந்திட்டு விழுந்தது. பிள்ளை பிறந்தால் தானாகப் போய்விடும் என்றார்கள். பிள்ளைக்கு இப்போது ஆறு வயதாகிறது; மங்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வீட்டுப் பெரியவர்கள் சொன்ன எதையும் நான் விட்டுவைக்கவில்லை. கஸ்தூரி மஞ்சள், தயிர், பாசிப்பயறு மாவு, உருளைக்கிழங்குச் சாறு, எலுமிச்சை என்று ஒவ்வொன்றாகப் பூசிப் பார்த்தேன். எனக்கு மங்கு சனி நடப்பதாகவும் அது விலகும்போது மங்கும் விலகும் என்றும் என் பெரியம்மா சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன். ஆனாலும் உள்ளுக்குள் நாள் எண்ணத்தான் செய்தேன்.

சென்ற ஆவணியில் என் மதினி ஒரு களிம்பைச் சொன்னார். மருந்துக்கடையில் சீட்டு எதுவும் கேட்காமலே அந்த டியூபைக் கொடுத்தார்கள். இரவில் பூசிய மூன்றே வாரத்தில் மங்கு பாதியாக மங்கிவிட்டது. தை மாதம் கொழுந்தனாரின் திருமணத்தில் என்ன பூசுகிறாய் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இப்போது எட்டு மாதங்கள் ஆகின்றன. கன்னம் எப்போதும் சிவந்திருக்கிறது, மெல்லிய இரத்தநாளங்கள் கோடு கோடாகத் தெரிகின்றன, தாடையோரம் பூனைமுடி அடர்ந்திருக்கிறது, வாயைச் சுற்றிச் சிறு சிறு பருக்கள். வெயில் பட்டால் மிளகாய் அரைத்துத் தடவியது போல் எரிகிறது. மூன்று நாள் பூசாமல் இருந்து பார்த்தேன். முகம் வீங்கிச் சிவந்து, மங்கும் முன்னைவிடக் கருத்துத் திரும்பி வந்தது. பயந்துபோய் மறுபடியும் பூசிவிட்டேன்.

என்னைவிட என் மகளைப் பற்றித்தான் அதிகக் கவலை. 14 வயதாகும் அவள் எனக்குத் தெரியாமல் இதே களிம்பைப் பருக்களுக்குப் பூசத் தொடங்கியிருக்கிறாள். இந்தக் களிம்பில் அப்படி என்ன இருக்கிறது, இதை எப்படி விடுவது, மங்குக்கு அறிவியல் ஒப்புக்கொண்ட வைத்தியம் ஏதாவது உண்டா, இந்த ஊர் வெயிலில் வியர்வையோடு வழிந்துபோகும் சன்ஸ்கிரீனால் பயன் உண்டா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் – மேலூர் மருந்தாளுநர்

சகோதரி, முதலில் அந்த டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அதில் மூன்று பெயர்கள் இருக்கும் என்று நினைக்கிறேன்: ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம். முதலாவது நிறமி உருவாவதைத் தடுக்கிறது. இரண்டாவது தோலின் மேலடுக்கு விரைவாக உதிர்ந்து புதிதாக வரச் செய்கிறது. மூன்றாவதுதான் ஸ்டீராய்டு, மற்ற இரண்டும் உண்டாக்கும் எரிச்சலை அடக்கத்தான் அதைச் சேர்த்தார்கள். ஆனால் அது இரத்தநாளங்களைச் சுருக்கி, நிறமி உருவாவதையும் குறைப்பதால், முகம் சட்டென்று வெளுத்ததாகத் தோன்றுகிறது. உங்கள் மதினி கண்ட அதிசயத்தில் பெரும்பங்கு இந்த மூன்றாவது ஆளுடையது.

இந்தச் சேர்மானம் போலி மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேனும் அவருடன் பணியாற்றிய வில்லிஸும் இதே போன்ற மூன்று மருந்துக் கலவையை மங்குக்காக வெளியிட்டார்கள். பின்னர் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மும்மருந்துக் களிம்பில் ஃப்ளூசினோலோன் என்னும் வலிமை குறைந்த ஸ்டீராய்டை மிகச் சிறிய அளவில் வைத்தார்கள். அதையும் எட்டு வாரம் வரைக்கும்தான், மருத்துவரின் பார்வையில் பூச வேண்டும் என்றார்கள். நம் கடைகளில் அதிகம் விற்பவற்றில் இருக்கும் மொமெட்டசோன் அதைவிட வலிமை கூடியது. எட்டு வாரத்துக்கான மருந்தை எட்டு மாதம் பூசினால் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் முகத்தில் தெரிகிறது. இந்நிலை நம் நாட்டில் அவ்வளவு பெருகியதால், ஸ்டீராய்டால் சேதமான முகம் என்று பொருள்படும் தனிப்பெயரையே இந்தியத் தோல் மருத்துவர்கள் அதற்கு வைத்தார்கள்.

2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை எச் அட்டவணையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. ஆனாலும் விற்கிறோம். நானும் விற்றிருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் உண்டு. வரிசையில் நிற்பவர் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது, நீங்கள் தராவிட்டால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வேன் என்று சொல்லும்போது, கை தானாக அந்தத் தட்டுக்குப் போய்விடும். இப்போது பழகியவர்களிடமாவது சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்து என்பதற்காக அட்டையில் இருக்கும் சிவப்புக் கோட்டைக் காட்டி மறுத்துவிடுகிறேன். வாங்குபவர்கள் நினைவில் வைக்க எளிய அடையாளம் ஒன்று: மருந்தின் பெயர் மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன் என்பவை போல் சோன் என்று முடிந்தாலோ, குளோபெட்டசால் என்று இருந்தாலோ, அது ஸ்டீராய்டு, முக அழகுக்கானது அன்று.

டியூபில் பெயர்களே இல்லாமல், தயாரித்தவர் முகவரியும் இல்லாமல், சிறு டப்பாவில் வரும் வெண்மைக் களிம்புகள் இதைவிடக் கொடியவை. சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. பாதரசமும் நிறமி உருவாக்கத்தைத் தடுப்பதால் முகம் வெளுக்கும். ஆனால் அது தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரம் பகுதியில் சிறுநீரில் புரதம் இறங்கும் நோயோடு வந்த பலரை விசாரித்தபோது, அவர்கள் இப்படிப்பட்ட களிம்பைப் பூசிவந்தது 2023இல் தெரியவந்தது. தங்க நகையில் படாமல் பூசவும் என்று ஒரு களிம்பில் எழுதியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். தங்கத்தோடு கூடிக்கொள்ளும் குணம் பாதரசத்துக்கு உண்டு. நகைக்கு ஆகாததைக் கன்னத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும்?


பதில் – தோல் மருத்துவர், மதுரை

மேலே எழுதியவர் மருந்தின் பக்கத்தை நன்றாகச் சொல்லிவிட்டார். நான் நோயின் பக்கத்தைச் சொல்கிறேன்.

நிறுத்தியதும் எரிந்து சிவந்தது ஒவ்வாமை என்றோ, களிம்பு இல்லாமல் உங்கள் தோலால் வாழ முடியாது என்றோ நினைத்துவிடாதீர்கள். எட்டு மாதமாக மருந்தால் சுருக்கி வைக்கப்பட்டிருந்த இரத்தநாளங்கள், மருந்து நின்றதும் ஒரேயடியாக விரிகின்றன. அடக்கிவைத்த அழற்சி அணை உடைந்தது போல் வெளிவருகிறது. இதைத் தாங்க முடியாமல் மறுபடி பூசுவதால்தான் இந்தப் பழக்கம் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. ஒரே நாளில் நிறுத்துவதா, வலிமை குறைந்த மருந்துக்கு மாறிச் சில வாரங்களில் படிப்படியாக விடுவதா என்பதை முகத்தை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இணையத்தில் யார் சொன்னாலும், நானே சொன்னாலும், ஏற்காதீர்கள். தனியார் மருத்துவரிடம் போக வசதியில்லை என்றால் அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் புறநோயாளர் பிரிவுக்குக் காலையிலேயே செல்லலாம். இடைக்காலத்தில் முகத்துக்கு மூன்றே பொருள்கள் போதும்: நுரை அதிகம் வராத, மணமில்லாத முகக்கழுவி, மணமில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். சீரம், ஸ்கிரப், ஃபேஷியல், மஞ்சள், எலுமிச்சை எல்லாவற்றையும் ஒதுக்கிவையுங்கள். சிவப்பு தணியச் சில வாரங்கள் ஆகும். சிலருக்குச் சில மாதங்களும் ஆகும். ஸ்டீராய்டு அல்லாத அழற்சி மருந்துகள் இருக்கின்றன. தேவையென்றால் மருத்துவர் எழுதித் தருவார்.

இனி மங்கு. பலர் இதை முகத்தில் படிந்த அழுக்கு போல நினைத்துத் தேய்க்கிறார்கள். தோலின் மேலடுக்கின் அடிவரிசையில் இருக்கும் நிறமிச் செல்கள் சில இடங்களில் அளவுக்கு மீறி வேலை செய்வதன் விளைவுதான் மங்கு. கர்ப்ப காலத்து ஹார்மோன்கள், கருத்தடை மாத்திரை, பரம்பரை ஆகியவை அந்தச் செல்களைத் தூண்டத்தக்க நிலைக்குக் கொண்டுவருகின்றன. அதன்பின் நாள்தோறும் தூண்டிவிடுவது ஒளி. தேய்த்தால் தோல் புண்படும், புண்பட்ட மாநிறத் தோல் ஆறும்போது இன்னும் கருக்கும். பெரும்பாலான பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் ஓராண்டுக்குள் மங்கு வெளிறும்; சிலருக்கு உங்களைப் போல் தங்கிவிடும். தங்கியதை மங்கச் செய்யலாம், வெயிலை மறந்தால் அது திரும்பும். இரத்த அழுத்தத்தைப் போல இதைக் கட்டுக்குள் வைப்பது என்று புரிந்துகொண்டால் ஏமாற்றமும் குறையும், ஏமாற்றுபவர்களுக்கான வருமானமும் குறையும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நல்ல சன்ஸ்கிரீன் பூசியும் மங்கு குறையவில்லை என்று வருபவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். மங்கைத் தூண்டுவது புற ஊதாக் கதிர் மட்டுமன்று; கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக அதன் நீலப் பகுதியும், மாநிறத் தோலில் நிறமியைக் கூட்டுகிறது. நிறமற்ற சன்ஸ்கிரீன்கள் பெரும்பாலும் அந்த ஒளியை அப்படியே உள்ளே விட்டுவிடும். இரும்பு ஆக்ஸைடு கலந்து தோல் நிறத்திலேயே வரும் சாயமிட்ட சன்ஸ்கிரீன்தான் அதைத் தடுக்கும். செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கும் பொருளும் இரும்பு ஆக்ஸைடுதான் என்பதால் நம் முகத்துக்கு அது அந்நியமாகத் தோன்றாது. மங்கு உள்ளவர்கள் கூடுதலாகச் செலவு செய்வதென்றால் சீரத்துக்குச் செய்யாமல் இதற்குச் செய்யுங்கள்.

எரிச்சல் முழுவதும் அடங்கிய பிறகு அசெலாயிக் அமிலம் 15 அல்லது 20 சதவீதத்தில் தொடங்கலாம். இது தேமலை ஆராய்ந்தபோது கிடைத்த மருந்து. தேமலை உண்டாக்கும் பூஞ்சை இந்த வகை அமிலங்களை உற்பத்தி செய்வதை இத்தாலிய ஆய்வாளர்கள் 1970களில் கண்டார்கள். தேமல் விழுந்த இடம் ஏன் வெளுக்கிறது என்ற கேள்வியிலிருந்து மங்குக்கும் பருவுக்கும் ஒரு மருந்து கிடைத்தது. கர்ப்பிணிகளுக்கும் பொதுவாக இதைத் தருகிறோம். ட்ரெட்டினாயினையும் ஹைட்ரோகுவினோனையும் அவர்கள் தொடக்கூடாது. நியாசினமைடு 4, 5 சதவீதத்தில் மெதுவாக உதவும். அது நிறமி மேற்செல்களுக்குக் கைமாறுவதைக் குறைக்கிறது. எதுவானாலும் மூன்று மாதம் கழித்துத்தான் கண்ணாடியைக் கேட்க வேண்டும். ஹைட்ரோகுவினோனைத் தனியாகவும் ஆண்டுக்கணக்கில் பூசக் கூடாது. வெளுக்க வந்த மருந்தே சாம்பல் நீலக் கறையைப் படியவைத்துவிடும், அந்தக் கறையைப் போக்குவது மிகக் கடினம். டிரானெக்சாமிக் அமில மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குபவர்களையும் பார்க்கிறேன். அது இரத்தக்கசிவை நிறுத்தும் மருந்து. இரத்தம் உறையும் வாய்ப்புள்ளவர்களுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்தாகலாம்.

உங்கள் மகள் இன்றைக்கே நிறுத்தட்டும். சில நாட்கள்தான் பூசியிருந்தால் பெரிய தொல்லை இராது. ஸ்டீராய்டு பருவை முதல் வாரம் அமுக்கும், பிறகு தானே பருவை வளர்க்கும். அவள் வயதில் சாதாரணப் பருக்களுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு பூச்சும் இரவில் அடாபலீன் பூச்சும் போதுமானவை. பென்சாயில் பெராக்சைடு துண்டையும் தலையணை உறையையும் வெளுத்துவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என்னைத் திட்டுவீர்கள். நெற்றியில் அதிகம் இருந்தால் தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிந்து துளைகளை அடைக்கிறதா என்று பாருங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல், தாடையோரப் பருவும் பிடரிக் கருமையும் சேர்ந்திருந்தால் களிம்பைத் தேடுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கழுத்துக் கருமையை அழுக்கு என்று நாரால் தேய்க்கும் தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். அது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று உடல் காட்டும் அடையாளமாக இருக்கலாம்.


பதில் – உசிலம்பட்டி வேதியியல் ஆசிரியை

சன்ஸ்கிரீன் வியர்வையில் வழிந்துபோகும் என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான், ஆனால் நம்மில் பலர் பூசும் அளவுக்கு வழிவதற்கே ஒன்றும் இருக்காது. என் மாணவிகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கும் எழுதுகிறேன்.

அட்டையில் எழுதியிருக்கும் எஸ்.பி.எஃப் எண்ணை, அதாவது வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்பதைக் காட்டும் எண்ணை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசித்தான் ஆய்வகத்தில் அளக்கிறார்கள். முகமும் கழுத்தின் முன்புறமும் சேர்ந்து ஏறத்தாழ 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 1.2 கிராம் தேவை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். காலையில் ஒரு முறை, பிற்பகல் வெயிலில் கிளம்பும் முன் ஒரு முறை என்றால் 50 கிராம் டியூப் மூன்று வாரத்தில் தீர்ந்துவிட வேண்டும். சித்திரையில் வாங்கிய டியூப் ஐப்பசி வரைக்கும் வந்தது என்று பெருமைப்படுபவர் அதைப் பூசவில்லை, பொட்டு வைத்திருக்கிறார்.

எஸ்.பி.எஃப் 30 என்றால் சருமத்தைச் சிவக்கவைக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3 சதவீதம் உள்ளே போகிறது. 50 என்றால் 2 சதவீதம். வேறுபாடு அவ்வளவுதான். அதனால் 100 என்ற எண்ணைத் துரத்துவதைவிட, 30ஐ முழு அளவில் பூசுவது நல்லது. இந்த எண் பெரும்பாலும் புற ஊதா பி கதிரைப் பற்றியது. மங்குக்கு முக்கியமான ஏ கதிருக்கு பி.ஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறிகளை எண்ணுங்கள், மூன்றோ நான்கோ இருக்கட்டும். சன்னல் கண்ணாடி பி கதிரைத் தடுத்துவிடும், ஏ கதிரில் பெரும்பகுதியை உள்ளே விடும் என்பதால் பேருந்தில் சன்னலோரம் உட்காருபவர்களும் கணக்கில் வருவார்கள். ஹெல்மெட்டின் முன்கண்ணாடி பாலிகார்பனேட்டாக இருந்தால் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் நிறுத்தும். மருத்துவர் சொன்ன கண்ணுக்குத் தெரியும் ஒளியை நிறுத்தாது.

நம் ஊர் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாத நாள் ஒன்று உண்டு. நம்முடைய நண்பகலும் கடிகாரத்தின் 12 மணிக்கு வருவதில்லை; கால் மணி நேரம் கழித்து வருகிறது. சித்திரை வெயிலில் அந்த நேரத்தில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதற்கு மேல் வேறு படியே இல்லை. கருவி எதுவும் வேண்டாம்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் கதிர் கடுமையாக இருக்கிறது. அந்த நேரத்தில் சன்ஸ்கிரீனை மட்டும் நம்பாமல் குடையையும், நெருக்கமாக நெய்த துணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுங்குடி அழகுதான், ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் மெல்லிய பருத்தியை ஒற்றையாகப் போர்த்தாமல் இரண்டாக மடித்துப் போர்த்துங்கள்.

எலுமிச்சையைப் பற்றி ஒரு சொல். அதன் சாற்றில் அமிலத்தன்மை மிக அதிகம் என்பது ஒருபுறம். எலுமிச்சை வகைப் பழங்களின் தோலிலுள்ள சில சேர்மங்கள் வெயிலோடு வினைபுரிந்து தோலைச் சுட்டுக் கருக்கவும் வல்லவை. கருமையைப் போக்கப் பூசியது கருமையைக் கொண்டுவரும். சோப்பும் அப்படித்தான். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச் அளவு ஆரோக்கியமான தோலுக்கு ஏறக்குறைய 5, குளியல் சோப்பினுடையது 9, 10. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து திரிந்து, கழுவினாலும் போகாத படிவமாகத் தோலில் ஒட்டிக்கொள்கிறது. வாளியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எரிச்சல் இருக்கும் முகத்துக்கு அது ஆகாது.


பதில் – திருமங்கலம் பூக்காட்டுக்காரி

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் முகத்தைத்தான் பார்த்தேன். எங்களுக்குத் திருமங்கலம் பக்கம் மல்லிகைக் கொல்லை இருக்கிறது. பூப்பறிப்பு வெயில் ஏறும் முன்பே முடிந்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்விடும். என் முகத்தில் மங்கு ஏறியது அதற்குப் பிறகு களையெடுத்தும் தண்ணீர் பாய்ச்சியும் நின்ற நேரத்தில்தான். ஓர் அழகு நிலையத்தில் கொடுத்த, பெயர் ஒட்டாத டப்பாக் களிம்பை ஓராண்டு பூசினேன். விட்டபோது இரண்டாவது வாரம்தான் மிகக் கொடுமை. இரவில் தூங்க முடியாது. ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். முகத்தைப் பார்த்துவிட்டு என் மாமியாரே, பாவம், அந்தக் களிம்பைத் திரும்ப வாங்கித் தரட்டுமா என்று கேட்டார். ஆறாவது வாரத்தில் எரிச்சல் விட்டது, சிவப்பு போக நான்கு மாதம் ஆனது.

எனக்கு உதவியது மூன்று காரியங்கள். களிம்பை விட்ட தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்தேன். கைக்கண்ணாடியை எடுத்து ஒளித்துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரே சன்னலருகே நின்று கைபேசியில் ஒரு படம் மட்டும் எடுத்தேன், ஏனென்றால் தினமும் பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது. தென்னங்கீற்றில் முடைந்த அகலத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு களையெடுக்கப் போகிறேன். முதலில் சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது தங்களுக்கும் ஒன்று முடைந்து தரச் சொல்லியிருக்கிறார்கள். மங்கு முழுவதும் போகவில்லை. ஆனால் முகத்தில் கை வைத்தால் வலிக்கவில்லை. எனக்கு அது பெரிய காரியம்.

மருத்துவரிடம் ஒரு கேள்வி: நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் எனக்கு வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. குங்குமத்துக்கு மாறினால் சரியாகுமா?


பதில் – தோல் மருத்துவர், மதுரை

ஸ்டிக்கரை உடனே நிறுத்துங்கள். சிலவகைப் பொட்டுகளின் பசையிலுள்ள ஒரு பீனால் சேர்மம் நிறமிச் செல்களையே கொன்றுவிடும். பொட்டு ஒட்டிய வடிவத்திலேயே வெள்ளை விழுவது அதனால்தான். விரைவில் நிறுத்தி மருந்து பூசினால் பலருக்கு நிறம் திரும்புகிறது, ஆனால் வெண்புள்ளி நோயா என்பதையும் பார்த்துவிட வேண்டும். குங்குமத்தைப் பொறுத்தவரை, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்தது ஒன்று, செயற்கைச் சாயம் கலந்தது வேறொன்று. சாயம் கலந்தது சிலருக்கு வெண்மைக்குப் பதிலாகச் சாம்பல் கருமையைக் கொண்டுவரும். தலைச்சாயம் பூசுபவர்களுக்கும் நெற்றியோரத்தில் அதே கருமை வருவதுண்டு. அதை மங்கு என்று நினைத்து மங்கு மருந்து பூசுகிறவர்கள் நிறைய. ஆறும் வரை நெற்றியை வெறுமையாக விடுங்கள். வீட்டில் கேட்டால் மருத்துவர் சொன்னார் என்று சொல்லுங்கள்.


கேட்டவர் – திருநகர் வாசகி

எல்லோருக்கும் நன்றி. டியூபைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மருந்தாளுநர் அண்ணன் சொன்ன அதே மூன்று பெயர்கள், அதே சதவீதங்கள். பக்கத்தில் சிவப்புக் கோடும் இருக்கிறது. எட்டு மாதமாக அது அட்டையின் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். மதினியிடம் சொன்னபோது அவரும் இரண்டு ஆண்டுகளாக இதைத்தான் பூசிவருவதாகவும், விட முடியாமல்தான் எனக்கும் நல்லதென்று சொன்னதாகவும் அழுதுவிட்டார். திங்கட்கிழமை காலை நாங்கள் இருவரும் மகளையும் அழைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம். மகள் தன் பங்குக்கு அந்த டியூபைக் குப்பையில் வீசிவிட்டாள்.


பதில் – தோல் மருத்துவர், மதுரை

குப்பைவண்டி வருவதற்குள் அதை எடுத்துவிடுங்கள். உங்கள் மதினி பூசுவதையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். உங்களைப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த டியூபைத்தான்.